துள்ளாத ஊசி

ஜனவரி 12, திங்கள்

ஐந்து கோடி தாண்டியது. ரேக்கில் இருக்கும் நாற்பது ரிலேக்களும் ஐந்து கோடி தடவை மூடித் திறந்தும் ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. என் அறையில் கண்ணாடிக் குமிழ் ஊதி மூடும் பெண்ணுக்கு, அதாவது என் மொத்த இலாகாவுக்கு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். கொண்டாட்டம் முடிந்தது.

மாலையில் மாடிப்படியில் பக்கத்து வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். குடிவந்து ஆறு வருடம் கழித்து, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறார். சுவிட்சு, விரலுக்குப் பதிலாகக் காந்தம் அழுத்தும் சுவிட்சு என்றேன். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குமிழ், உள்ளே ஒரு சொட்டுத் திரவ உலோகம், மேலே ஓர் ஊசி. கம்பி சுற்றிய காயிலில் மின்சாரம் விட்டால் ஊசி இறங்கிச் சொட்டில் முங்கும், அந்தப் பக்கம் மின்சாரம் பாயும், ரிலே மூடியது என்போம். நிறுத்தினால் ஊசி ஏறிவிடும். எதுவும் எதோடும் மோதுவதில்லை. அதனால் தேய்மானம் இல்லை, பொறி இல்லை, சத்தம் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கும் அதே வேலைதானே?" என்றார்.

அதே கம்பெனி. அதே வேலை இல்லை. இவருடையது டிக் பக்கம், என்னுடையது சொட்டுப் பக்கம். நடுவில் ஒரு நடைவழி, ஒரு தண்ணீர் டிரம். இவர் செய்யும் ரிலேயில் உலோக நாக்கு உலோகத்தின் மேல் போய் அடிக்கும், டிக் என்று. அடித்த வேகத்தில் மூன்று நான்கு தடவை துள்ளும். துள்ளினால் பொறி பறந்து முனை கருகும். அந்தத் துள்ளலை ஒழிப்பதிலேயே இவர் இருபது வருடத்தைச் செலவழித்திருக்கிறார். என் ஊசி துள்ளுவதே இல்லை. இதை நான் அடிக்கடி இவருக்கு நினைவுபடுத்துவதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை இருக்கும்.

ஜனவரி 14, புதன்

முதலாளி இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். ஒன்றாகக் கூப்பிட்டாலே நல்ல செய்தி இல்லை.

சமையல்கட்டில் எரிவாயு கசிந்தால் வால்வை மூடிவிட்டு அலறும் அலாரம் செய்கிற கம்பெனி ஒன்று ரிலே கேட்கிறதாம். பெரிய ஆர்டர். இரண்டு பக்கமும் சாம்பிள் கொடுக்கலாம். யாருடையதை எடுக்கிறார்களோ அந்தப் பக்கம் இருக்கும். மற்றது —

"ரெண்டையும் வெச்சு இழுக்க என்னால முடியலம்மா," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்க்கும்போது தலையைச் சொறிந்துகொண்டார்.

டிக் பக்கம் இவர் போகப் பதினான்கு பேர். சொட்டுப் பக்கம் என்னையும் சேர்த்து இரண்டு பேர். ஏழு வருடமாக நான் செய்ததில் சில ஆய்வுக்கூடங்கள் வாங்கியது போக மிச்சமெல்லாம் அலமாரியில் இருக்கிறது. யார் கடையைக் கட்ட வேண்டும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் சின்னப் பிள்ளைக்கு பேட்டரியைப் பற்றித் தெரியாது. அலாரம் பேட்டரியில் ஓடுவது. இவருடையது குடிப்பதில் பத்தில் ஒரு பங்கு என்னுடையதற்குப் போதும்.

வீட்டுக்கு ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். ஜன்னல் பக்கம் இவர் உட்கார்ந்தார். வழக்கமாக எனக்கு விடுவார்.

ஜனவரி 15, வியாழன்

மகள் சட்டம் போட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் ரிலே என்ற பேச்சே எழக்கூடாது. "சண்டை போட்டுப் பிரிஞ்சாலும் ஒரே ஆஃபீஸ்லதான் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணும், யோசிச்சுக்கோங்க," என்றாள். பதினேழு வயது. யாரைக் கொண்டு பிறந்தாள் என்று தெரியவில்லை. இவர் உப்பை நகர்த்தச் சொன்னார்.

ஜனவரி 23, வெள்ளி

சாம்பிள் போய்விட்டது. என்னுடையது ஒரு டப்பா, இவருடையது ஒரு டப்பா, ஒரே பையில்.

மத்தியானம் நடைவழியில் போகும்போது பார்த்தேன். இவரும் காயில் மாஸ்டரும் மாடிப்படிக்கு அடியில், அவர்களுடைய இரண்டு ஸ்டூல்களில். காயில் மாஸ்டர் டிக் பக்கத்தில் கம்பி சுற்றுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவர். பதினாறு வருடமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். பேச்சே கிடையாது. சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். காலையில் அரக்கப்பரக்க நான் சமைப்பதை அவர் சாப்பிடுகிறார், அவர் மனைவி சமைப்பதை இவர் சாப்பிடுகிறார். முதலில் எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு என் சமையலைப் பற்றி உண்மை சொல்கிற ஒரே ஆள் காயில் மாஸ்டர்தான் என்று தெரிந்துகொண்டேன். "மேடம், நேத்து அவசரமா இறக்கிட்டீங்க போல," என்பார். இவர் எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறது என்பார், சாப்பிடாமலேயே.

பிப்ரவரி 2, திங்கள்

அலாரக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. இரண்டு சாம்பிளும் பிடித்திருக்கிறதாம். கடைசிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. இரண்டு பக்க ரிலேயையும் அலாரத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டிவிடுவார்கள். மூன்று வாரம் யாரும் தொடமாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் திடீரென்று எரிவாயுவைக் காட்டுவார்கள். ரிலே மூடினால் பாஸ். இந்த மாதக் கடைசிக்குள் ரிலேயும் அதை இயக்கும் சுற்றும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று வாரம் சும்மா இருப்பது ஒரு பரீட்சையா? ஐந்து கோடி என்று சொன்னேன். "அது சரி மேடம், எங்க அலாரம் வாழ்நாள்ல ஒரு தடவைதான் அடிக்கும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 11, புதன்

முதலாளியின் மேஜையில் என் ரிலே ஒன்று இருக்கிறது. பளிங்குக் கட்டையில் பதித்து, ஒரு பொத்தான், ஒரு சின்ன விளக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டுவார். கொஞ்ச நாளாக யாரும் வரவில்லை போலிருக்கிறது. இன்று யாரோ தூரத்துச் சொந்தம் வந்திருக்கிறார், அழுத்தியிருக்கிறார். விளக்கு எரியவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் போவதற்குள் கட்டையைத் தூக்கி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். எரிந்துவிட்டது.

"தட்டினா சரியாயிடுதும்மா," என்றார், ஏதோ புது வசதி என்கிற மாதிரி. சொந்தக்காரரும் தலையாட்டினார்.

நானும் தலையாட்டினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அலமாரியில் டிசம்பரிலிருந்து சும்மா கிடக்கும் இருபதை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பதினொன்று மூடவில்லை.

கண்ணாடிப் பெண் மீட்டரை மாற்றிப் பார்த்தாள். கம்பியை மாற்றிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

பூதக்கண்ணாடியில் பார்த்தாயிற்று. ஊசி இறங்குகிறது, சொட்டின் மேலே போய் நிற்கிறது, உள்ளே போகவில்லை. மேலே ஆடை படிந்திருக்கிறது. குமிழுக்குள் நைட்ரஜன்தான் நிரப்புகிறோம். ஆனாலும் எங்கோ துளி ஈரம், துளிக் காற்று மிச்சமிருக்கிறது. அது போதும்.

பால்தான். கிண்டிக்கொண்டே இருந்தால் ஆடை படியாது, வைத்துவிட்டு நகர்ந்தால் படிந்துவிடும். ஏழு வருடமாக நான் கிண்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். இரவும் பகலும் ரேக் ஓடுகிறது, கோடி கோடியாக எண்ணுகிறது, ஆடை படிய நேரமே கொடுக்கவில்லை. ஒரு நாளாவது நிறுத்திவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. ஓடினால்தான் பரிசோதனை என்று நினைத்துவிட்டேன். டிக் பக்கத்தில் சும்மா வைத்துப் பார்ப்பது வழக்கமாம், வருடக்கணக்கில். இன்றுதான் எனக்குத் தெரியும். நடுவில் ஒரு தண்ணீர் டிரம்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி துவைத்தேன். யோசித்தேன்.

இழுவையைக் கூட்டினால் ஊசி ஆடையைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் பேட்டரி தாங்காது. பேட்டரிதான் என்னிடம் இருக்கும் ஒரே துருப்பு. வாயுவை இன்னும் சுத்தம் செய்யலாம். அதற்கு ஆறு மாதம் ஆகும், இருப்பது இரண்டு வாரம். மூடாமல் போனால் என்ன ஆகும்? யார் வீட்டிலோ எரிவாயு கசியும், அலாரத்துக்கு வாசனை தெரியும், ஊசி இறங்கும், ஆடைமேல் நிற்கும். அவ்வளவுதான். யாரும் வந்து தட்டமாட்டாங்க.

நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடணும். சொல்லிட்டா அறை போச்சு. கண்ணாடிப் பொண்ணு போச்சு. ஏழு வருஷம்... எவ்வளவு பெருமை அடிச்சிருக்கேன் இந்த மனுஷன்கிட்ட.

பிப்ரவரி 16, திங்கள்

சொல்லவில்லை. முதலாளிக்குப் பல்வலி.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொல்லவில்லை. முதலாளிக்குப் பல்வலி இல்லை.

பிப்ரவரி 18, புதன்

தட்டில் போட்டது அப்படியே இருந்தது. மகள் பார்த்தாள், இவர் பார்த்தார். "என்ன?" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் உள்ள போய்ச் சாப்பிடறேன். சட்டம் இன்னிக்குக் கிடையாது," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதினொன்றைச் சொன்னேன், பாலைச் சொன்னேன், நடுவில் கொஞ்சம் அழுதேன், எனக்கே பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். ஏழு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை வாங்கியவர். ஒரே ஒரு தடவை திருப்பிக் கொடுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஊசி எவ்வளவு கனம்?" என்றார். அத்தோடு தூங்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உன் ஊசி ரொம்ப மரியாதையா இறங்குது. தொட்டதும் நின்னுடுது. துள்ள விடு."

கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டேன்.

"மூணு தடவை துள்ளினா ஆடை கிழியும். நாலாவது தடவை உள்ள போயிடும்."

துள்ளாத ஊசி என்று சொல்லித்தான் ஏழு வருடமாக விற்கிறேன். என் விளம்பரத் தாளின் முதல் வரி அதுதான். வாயைக் கொப்பளித்துவிட்டு, துள்ளாமல் இருக்க என்னென்ன செய்யணும் என்று தனக்குத் தெரியும், அத்தனையையும் தலைகீழாகச் செய்தால் போயிற்று என்றார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாப்பாட்டு மேஜை போய்விட்டது. ஒயர், சால்டரிங், மீட்டர். மகள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள்.

காயிலுக்கு மின்சாரத்தை ஒரே மூச்சில் விடாமல், கொஞ்சம் விட்டு, வெட்டி, மறுபடி விட்டு, வெட்டி. எப்போது விடுவது, எப்போது வெட்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டேன். இவர் காதை மேஜைக்கு அருகில் கொண்டுபோய், ஏதோ பழைய பழக்கத்தில், கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு திருகாணியைத் திருகினார். என் கணக்கும் இவர் திருகியதும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. ஏறக்குறைய என்று எழுதியிருக்கிறேன், இவருடையதுதான் சரி.

மூடாத பதினொன்றையும் போட்டுப் பார்த்தோம். பதினொன்றும் மூடின. பேட்டரிச் செலவு கூடியதே தெரியவில்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. சும்மா இருந்திருந்தாலே இவர் ஜெயித்திருப்பார். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நன்றாகத் தூங்கினால் போதும். ஏன் செஞ்சீங்க என்று கேட்டேன். உங்க பக்கம் பதினாலு பேர் இருக்காங்களே என்றேன்.

சால்டரிங் இரும்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது யார் வீட்டுச் சமையல்கட்டுலயோ தொங்கப் போகுது. மூணு வாரத்துல ஆடை படியாம தப்பிச்சுட்டா, பேட்டரிக்காக அவன் உன்னோடதத்தான் எடுப்பான்னு எனக்குத் தெரியும். மூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எப்படிப் பேசாம இருக்கிறது?"

அப்புறம், "என் பேரு மட்டும் எங்கயும் வேண்டாம்," என்றார்.

சரி என்றேன். குழு போட்டோ எடுத்தால்கூடத் தூணுக்குப் பின்னால் நிற்கிற மனிதர்.

பிப்ரவரி 27, வெள்ளி

அலாரத்துக்கான ரிலேக்களைக் கொடுத்தாயிற்று. மேஜை திரும்பி வந்தது. ஒரு இடத்தில் தீய்ந்திருக்கிறது, மேலே தண்ணீர் ஜாடியை வைத்துவிட்டோம்.

மார்ச் 9, திங்கள்

காத்திருக்கிறோம். இவர் நடைவழியில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுகிறார், முன்பின் தெரியாதவர்போல. டிக் பக்கத்தில் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம், அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று. காயில் மாஸ்டர் என்னிடம் வந்து, "மனசுல வெச்சுக்காதீங்க மேடம், பசங்க விளையாட்டுக்குக் கட்டியிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

இவர் படிக்கு அடியில் சாப்பிடும்போது என்ன நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்? கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

என்னுடையது.

இரண்டு பக்கத்து ரிலேயும் ஒன்று விடாமல் மூடியிருக்கிறது. பேட்டரிதான் தீர்மானித்தது. நான்கு பேனாக்காரர் போனில் சொன்னார், முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். கண்ணாடிப் பெண் என் கையைப் பிடித்து நசுக்கினாள். நான் நடைவழியைத் தாண்டிப் போய் இவரிடம் சொன்னேன். "நல்லது," என்றார். அது பொய்யில்லை. முகம் வெளுத்திருந்தது, அதுவும் பொய்யில்லை.

மார்ச் 27, வெள்ளி

எல்லாரையும் கீழே கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார் முதலாளி. டிக் பக்கத்தை ஏப்ரலோடு நிறுத்துவதைப் பற்றி நாசூக்காக, அதாவது நீளமாக, பேசினார். பதினான்கு பேரும் பேப்பர் கப்போடு நின்றார்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் முன்னால் எல்லாப் பெருமையையும் நானே வாங்கிக்கொள்வது நியாயமில்லை என்று பட்டது. இவர் பேர் வேண்டாம் என்றது ஞாபகம் இருந்தது, தன்னடக்கம்தானே, இன்றைக்கு மட்டும் மீறினால் என்ன என்று தோன்றியது. சொன்னேன். சும்மா வைத்தால் ரிலே மூடவில்லை என்று சொன்னேன். அதைச் சரிசெய்தது நானில்லை, டிக் பக்கத்து ஆள்தான், இவர்தான், வீட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தார் என்று சொன்னேன். இந்த வெற்றி இரண்டு பக்கத்துக்கும் சொந்தம் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது என்மேல் எனக்கே ஒரு மதிப்பு வந்தது.

முதலாளி கைதட்டினார். கண்ணாடிப் பெண் கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. காயில் மாஸ்டர் இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் கப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பதான் புரிஞ்சுது. அடி மக்கே, அப்பதான் புரிஞ்சுது. தன்னடக்கமாவது ஒண்ணாவது. ஒரே ஒரு விஷயம் கேட்டார் இந்த மனுஷன், இருபது வருஷத்துல ஒண்ணே ஒண்ணு, அதையும் மைக் இல்லாமலே ஊருக்குச் சொல்லிட்டேன்.

பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "விடு," என்றார். ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 30, திங்கள்

படிக்கு அடியில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது. இன்னொன்றைக் காயில் மாஸ்டர் எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறை வாசலில் போட்டுச் சாப்பிட்டாராம். இவர் சாயங்காலம் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். என் சமையல். பாதி மிச்சம்.

ஏப்ரல் 1, புதன்

இவரிடம் கேட்டேன், மாஸ்டர் ஏதாவது சொன்னாரா என்று. கோபமாகக்கூடப் பேசவில்லையாம். "செஞ்சதை விடுங்க சார். செய்ய வேண்டியதுதான். ஒரு மாசமா என்கூட உட்கார்ந்துதானே சாப்பிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாராம்.



ஏப்ரல் 6, திங்கள்

முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். என் ரிலேக்கும் காயில் வேண்டும், முடியைவிட மெல்லிய கம்பி, அதைச் சுற்றத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், ஆறு பேர் வேண்டும் என்றேன். மூன்று என்றார். ஐந்து என்றேன். நான்கில் வந்து நின்றது. காயில் மாஸ்டர் முதல் பெயர். மற்றவர்களுக்கு வேலைக்கு அங்கே இங்கே சொல்லிப் பார்க்கிறேன் என்கிறார் முதலாளி. பார்ப்பார்.

இவருக்கும் ஓர் இடம் உண்டு என்றார் முதலாளி, என் அறையில், ஜன்னலோரம். சந்தோஷமாக வந்து சொன்னேன்.

"பத்துப் பேர் வெளிய போவாங்க, நான் உன் பக்கத்து நாற்காலியில வந்து உட்காரணுமா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 30, வியாழன்

டிக் பக்கத்து மிஷின்கள் லாரியில் ஏறின. சத்தம் இல்லாத நடைவழி. டிரம்மில் தண்ணீர் பிடிக்கப் போனேன், பிடிக்காமல் திரும்பி வந்தேன்.

மே 18, திங்கள்

இவர் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஆறு மணி நேரம். அங்கே மோட்டார்களுக்குப் பெரிய ஸ்விட்ச் செய்கிற கம்பெனி. அடித்தால் டம் என்று கேட்குமாம், டிக் இல்லை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் போவார். பெட்டியில் சட்டைகளை நான்தான் மடித்து வைத்தேன். "நல்லாத்தான் மடிக்கிற," என்றார். அழுகை வந்தது, அழுதேன். பிடிக்கும் பிடிக்காது என்றெல்லாம் இன்றைக்குப் பார்க்கவில்லை.

ஜூன் 10, புதன்

நான்கு பேரும் கம்பியை நன்றாகச் சுற்றுகிறார்கள். காயில் மாஸ்டர் சுற்றியதில் தள்ளுபடி ஒன்றுகூட இல்லை. என்னோடு பேசுவது இரண்டு வாக்கியம். "கம்பி தீரப்போகுது மேடம்." "கம்பி வந்துடுச்சு மேடம்." கண்ணாடிப் பெண்ணோடு சிரித்துப் பேசுகிறார். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் வசதியாக இருக்கும்.

இப்போது மாதாமாதம் ஒரு தொகுதி ரிலேக்களைச் சும்மா வைக்கிறோம். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கென்று தனி அலமாரி. அதற்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம்.

ஜூலை 12, ஞாயிறு

நேற்று இவர் வந்தார். இளைத்திருக்கிறார். ரேக் எப்படி, பேட்டரி எப்படி, நான்கு பேனாக்காரர் எப்படி என்று கேட்டார். ஒரு ஆளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், நன்றாக இருக்கிறார் என்று. "ம்," என்றார். இன்று முழுக்க மேஜையில் தீய்ந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போகவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். காயில் மாஸ்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, போகாமல் நின்றார். கம்பி தீர்ந்துவிட்டது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சாருக்கு அங்க சாப்பாட்டுக்கெல்லாம் எப்படி?" என்றார்.

மெஸ்ஸில் சாப்பிடுகிறார், பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார் என்றேன். சொல்லமாட்டாருதான் என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடைவழிக்குப் போய் இவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம், டம் டம் என்று. மாஸ்டர் உங்களை விசாரித்தார் என்றேன். சத்தம் குறைந்தது, வெளியே வந்திருப்பார் போலிருக்கிறது.

"என்ன கேட்டாரு?"

சொன்னேன்.

"அப்படியே சொல்லு. அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே சொல்லு."

சாருக்கு அங்க சாப்பாட்டுக்கெல்லாம் எப்படி என்று கேட்டார் என்றேன்.

"இன்னும் சார்னா சொன்னாரு?"

ஆமாம் என்றேன். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.